விளைச்சல் கோடையில், செலவு குளிரில்: குளிர்கால உறக்கம் கொள்ளும் ஆண் வௌவாலின் இனப்பெருக்க ஆண்டைப் படித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

ஆகஸ்ட் மாதப் பிற்பகுதியில், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கைவிடப்பட்ட சுரங்கங்களின் வாயிலில் சிறு பழுப்பு வௌவால்கள் இரவெல்லாம் திரளாகச் சுழன்று பறக்கும். இனச்சேர்க்கை அப்போது தொடங்கி, அவை உறக்கத்தில் ஆழ்ந்த பிறகும் விட்டுவிட்டுத் தொடர்கிறது. ஆனால் அக்டோபரில் அப்படி இணை சேரும் ஓர் ஆணின் விந்தகத்தை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்த்தால், விந்து நுண்குழல்கள் சுருங்கி, விந்தணுக்களை ஊட்டி வளர்க்கும் செர்டோலி செல்களும், அடித்தளத்தை ஒட்டி, விந்தணுக்களுக்கு மூலமான தாய்செல்களும் மட்டுமே எஞ்சியிருப்பதைக் காணலாம். அதாவது, விந்தணு உற்பத்தி நின்றுபோன உடலோடு அந்த ஆண் இணை சேர்கிறது.

பாடநூலில் மானையோ ஆட்டையோ எடுத்துக்காட்டாகப் படித்தவருக்கு இது முரணாகத் தோன்றும். அவற்றில் விந்தகம் பருக்கும் காலமும் இணை சேரும் காலமும் ஒன்றோடொன்று ஒட்டியே வருகின்றன. குளிர்நாடுகளின் வௌவால்களில் இவ்விரண்டும் பிரிந்துவிட்டன. இந்தப் பிரிவைப் புரிந்துகொள்ளாமல் விந்தகத்தை மட்டும் அளந்து "இது இனப்பெருக்கக் காலம் அல்ல" என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவதே இத்துறையில் புதிதாக நுழைபவர் செய்யும் முதற்பிழை. விலங்கியல் மாணவர்களும் வௌவால்களில் ஆர்வம் கொண்டவர்களும் அப்பிழையைத் தவிர்த்து, ஓர் ஆண் வௌவாலின் ஓராண்டை மாதம் மாதமாகப் படித்தறிய உதவும் முறையைக் கீழே படிப்படியாகத் தருகிறேன்.

படி 1: ஓர் இனத்தைத் தேர்ந்துகொண்டு, நான்கு பத்தி வரையுங்கள்

வௌவால்கள் அனைத்துக்கும் பொதுவான ஓர் ஆண்டுச் சுழற்சி கிடையாது. ஆகவே முதலில் ஓர் இனத்தை நன்றாகப் படித்துவிட்டு, பிறகு மற்றவற்றை அதனோடு ஒப்பிடுவது நல்லது. அதற்கு மிகவும் ஏற்றது, வட அமெரிக்காவின் சிறு பழுப்பு வௌவால். அதன் அறிவியல் பெயர் மயோடிஸ் லூசிஃபூகஸ். முன்னங்கை ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டரே நீளமுள்ள, கோடையில் எட்டு கிராம் அளவே எடையுள்ள இந்த உயிரின் ஆண் இனப்பெருக்க உறுப்புகள் மிக விரிவாக ஆராயப்பட்டுள்ளன.

ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களையும் வரிசையாக எழுதி, எதிரே நான்கு பத்திகள் வரைந்துகொள்ளுங்கள். முதற்பத்தி விந்தகத்துக்கு. இரண்டாவது, விந்தகத்தில் உருவாகும் விந்தணுக்கள் முதிர்ந்து தங்கும் சுருள்குழலான எபிடிடைமிஸுக்கு. மூன்றாவது, விந்துத் திரவத்தைச் சுரக்கும் புராஸ்டேட் முதலான துணைச் சுரப்பிகளுக்கு. நான்காவது, இனச்சேர்க்கை நடத்தைக்கு. இந்த நான்கு பத்திகளும் ஒரே மாதத்தில் ஏறி ஒரே மாதத்தில் இறங்குவதில்லை என்பதே இந்த விலங்கின் தனித்தன்மை. நெல் விளையும் வயல் வேறு, நெல்லைக் கொட்டி வைக்கும் குதிர் வேறு. வயல் தரிசாகக் கிடக்கும் மாதத்திலும் குதிர் நிறைந்திருக்கலாம். விந்தகம் இங்கே வயல், எபிடிடைமிஸ் குதிர்.

படி 2: ஜனவரியில் அல்ல, மே மாதத்தில் தொடங்குங்கள்

நாட்காட்டி ஜனவரியில் தொடங்கினாலும் ஆண் வௌவாலின் ஆண்டு, அது குகையை விட்டு வெளியேறிப் பூச்சி தின்னத் தொடங்கும் நாளில்தான் தொடங்குகிறது. வடகிழக்கு அமெரிக்காவிலும் தெற்குக் கனடாவிலும் இது ஏப்ரல் இறுதியிலிருந்து மே வரை அமையும். இடத்துக்கும் அவ்வாண்டின் வானிலைக்கும் ஏற்ப ஓரிரு வாரங்கள் முன்பின்னாகும். அப்போது விந்தகம் சிறியதாக இருக்கும். குளிர்காலம் முழுவதும் அடங்கிக் கிடந்த தாய்செல்கள் மே மாதத்தில் மீண்டும் பகுக்கத் தொடங்குகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது என்பதால், முதற்பத்தியில் "தொடக்கம்" என்று எழுதிவிட்டு அடுத்த மாதத்துக்குச் செல்லலாம்.

படி 3: கோடையில் விந்தகத்தையும் உணவையும் சேர்த்துப் பாருங்கள்

ஜூன் மாதத்தில் விந்து நுண்குழல்களுக்குள் விந்தணுமுன்செல்கள் அடுக்கடுக்காகப் பெருகுகின்றன. ஜூலையில் வட்ட வடிவ இளம் விந்துசெல்கள் தோன்றி, வாலும் ஒடுங்கிய தலையும் பெற்று, ஆகஸ்ட் மாதத்தில் முழுமையான விந்தணுக்களாகக் குழலின் நடுவெளிக்கு விடுபடுகின்றன. விந்தகம் அவ்வாண்டின் உச்ச அளவை அடைவது இந்த வாரங்களில்தான். செல்கள் பகுப்பதற்கு உடல் வெப்பம் தேவை. வெப்பத்துக்கு உணவு தேவை. உணவாகும் பூச்சிகள் கோடையில்தான் உண்டு. உற்பத்தி ஏன் கோடையில் நடக்கிறது என்ற கேள்விக்கு விடை இவ்வளவே. ஆனால் இதன் பின்னால் ஒரு நெருக்கடி இருக்கிறது, அதை விளக்க வேண்டும்.

குளிர்நாட்டு வௌவாலின் உறக்கம் குளிர்காலத்தோடு முடிந்துவிடுவதில்லை. கோடையிலும் பகல் நேரத்தில் உடல் வெப்பத்தைத் தாழ்த்தி மந்தநிலைக்குள் சென்று, ஆற்றலைச் சேமித்துக்கொள்ளும். குட்டியைச் சுமக்கும் பெண்கள் வெப்பமான கூரையடிகளில் நெருக்கமாகத் திரண்டு உடல் சூட்டைக் காக்கும்போது, ஆண்கள் தனியாகவோ சிறு குழுக்களாகவோ குளிர்ந்த இடங்களில் தங்கி, கோடையின் முற்பகுதியில் நாள்தோறும் இந்தச் சிக்கனத்தைக் கையாளுகின்றன. ஆனால் உடல் குளிர்ந்து கிடந்தால் விந்துசெல்லாக்கமும் தாமதப்படும். ஆகவே உற்பத்தி உச்சத்தில் இருக்கும் கோடைப் பிற்பகுதியில் ஆண்கள் மந்தநிலையைக் குறைத்துக்கொண்டு, கூடுதல் உணவைச் செலவிட்டு உடலைச் சூடாக வைத்திருக்கின்றன. ஜெர்மனியில் டாபென்டன் என்ற இனத்து வௌவால்களின் முதுகில் வெப்பமறியும் சிறு ரேடியோ கருவிகளை ஒட்டிப் பின்தொடர்ந்தபோது இந்த மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. குளிர்காலத்துக்கான கொழுப்பைச் சேர்க்கத் தொடங்க வேண்டிய காலமும் நெருங்கிவிடுகிறது. எட்டு கிராம் உடலுக்குள் இரண்டு பெருஞ்செலவுகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. ஆண் வௌவாலின் ஆண்டில் மிகக் கடினமான மாதம் பனி மூடிய ஜனவரி அல்ல, பூச்சிகள் நிறைந்த ஆகஸ்ட் என்றே நான் கருதுகிறேன்.

கோடைக் குறிப்புகளில் விந்தக அளவோடு உடல் எடையையும், அந்த வாரத்தின் இரவு வெப்பநிலையையும், மழையையும் எழுதிவையுங்கள். மழையும் குளிரும் தொடர்ந்து பூச்சிகள் குறையும் ஆண்டில் விந்தகத்தின் வளர்ச்சி பின்தங்கினால் அதற்கான காரணம் உங்கள் குறிப்பிலேயே இருக்கும். உணவும் வெப்பமும் இச்சுழற்சியை முன்னும் பின்னும் நகர்த்தக்கூடியவை என்பதை அபர்டீன் பல்கலைக்கழகத்தின் பால் ரேசி ஐரோப்பிய வௌவால்களைக் கொண்டு 1970-களில் செய்த ஆய்வுகள் காட்டின.

படி 4: குதிர் நிறைவதைக் கவனியுங்கள்

ஆகஸ்ட் பிற்பகுதியிலிருந்து இரண்டாம் பத்தி ஏறத் தொடங்குகிறது. விந்தகத்திலிருந்து வெளியேறும் விந்தணுக்கள் எபிடிடைமிஸின் தலை, உடல் பகுதிகளைக் கடந்து வால்பகுதியில் வந்து குவிகின்றன. இந்த வால்பகுதி அமைந்திருக்கும் இடம் கவனிக்கத்தக்கது. அது உடலின் சூட்டுக்குள் இல்லை. பின்னங்கால்களுக்கு இடையே விரியும் வால்சவ்வில், வாலின் இருபுறமும், மெல்லிய தோலுக்கு அடியில் நீண்டு கிடக்கிறது. விந்தணுக்களைக் குளிர்ச்சியாக வைத்துக் காக்க இதைவிடப் பொருத்தமான இடம் அந்த உடலில் இல்லை.

செப்டம்பரில் விந்தகம் வேகமாகச் சுருங்குகிறது. ஆனால் எபிடிடைமிஸின் வால்பகுதி நிறைந்தபடியே குளிர்காலத்துக்குள் நுழைந்து, வசந்தம் வரை உயிருள்ள விந்தணுக்களை வைத்திருக்கிறது. மனிதரிலும் வீட்டு விலங்குகளிலும் அங்கே தங்கும் விந்தணுக்கள் சில வாரங்களில் ஆற்றலை இழந்துவிடும் என்பதோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். குளிர்ச்சி மட்டும் இதற்குக் காரணம் அன்று. சிறு பழுப்பு வௌவாலின் எபிடிடைமிஸ் திரவத்தை ஆராய்ந்த எலிசபெத் கிரைட்டனும் உடன் பணியாற்றியவர்களும், அத்திரவம் இரத்தத்தைவிடப் பலமடங்கு செறிவானது என்றும், அச்செறிவு விந்தணுவிலிருந்து நீரை இழுத்து அதன் இயக்கத்தை அடக்கி வைக்கிறது என்றும் 1994-இல் விளக்கினர். நெல்லைக் காயவைத்துக் குதிரில் கொட்டுவதும் இதே நோக்கத்தோடுதான். ஈரம் வற்றிய விதை முளைக்காமலும் கெடாமலும் காத்திருக்கும்.

படி 5: டெஸ்டோஸ்டீரோன் அளவை நடத்தையோடு பொருத்திப் பார்ப்பதில் அவசரப்படாதீர்கள்

மாணவர்கள் பெரிதும் தடுமாறும் இடம் இது. டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண்பால் ஹார்மோன் உயர்ந்தால் பாலுணர்ச்சி உயரும், தாழ்ந்தால் அதுவும் அடங்கும் என்று எளிய சமன்பாடாகக் கற்றிருக்கிறோம். குஸ்டாஃப்சனும் ஷெமேஷும் சிறு பழுப்பு வௌவாலின் இரத்தத்தில் ஓராண்டு முழுவதும் இந்த ஹார்மோனை அளந்து 1976-இல் வெளியிட்ட முடிவு வேறு விதமாக இருந்தது. ஹார்மோன் உச்சத்தை எட்டியது விந்துசெல்லாக்கம் நடக்கும் கோடையில். இனச்சேர்க்கை நடந்தது அந்த அளவு சரிந்துகொண்டிருந்த காலத்திலும், சரிந்த பிறகும். அப்படியிருந்தும், மூன்றாம் பத்தியைப் பாருங்கள்: துணைச் சுரப்பிகள் கோடைப் பிற்பகுதியில் பருத்து, குளிர்கால உறக்கம் முழுவதும் சுரப்பு நிறைந்த நிலையிலேயே இருக்கின்றன. நான்காம் பத்தியும் இறங்குவதில்லை.

இதை விளங்கிக்கொள்ள இரண்டு செய்திகள் உதவும். முதலாவது, இந்த வௌவாலின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டீரோனை இறுகப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம் உண்டு. அதன் அளவும் பருவத்தோடு ஏறி இறங்குகிறது. ஆகவே மொத்த ஹார்மோன் அளவும், திசுக்களுக்கு உண்மையில் கிடைக்கும் அளவும் ஒன்றல்ல. இரண்டாவது, ஐந்தாறு பாகை செல்சியசில் கிடக்கும் உடலில் எல்லாமே மெதுவாக நடக்கின்றன. பருத்த சுரப்பி சுருங்குவதும் அவ்வாறே. விந்தகத்தில் இந்த ஹார்மோனைச் சுரக்கும் லீடிக் செல்கள் எப்போது எவ்வளவு சுரக்கின்றன என்பது இனத்துக்கு இனம் வேறுபடுவதால், ஓர் இனத்தின் ஹார்மோன் வரைபடத்தை மற்றோர் இனத்துக்குப் பொருத்தக் கூடாது.

படி 6: திரள்பறத்தலையும் குளிர்கால இணைசேர்தலையும் தனித்தனியாகப் பதியுங்கள்

டொனால்ட் தாமஸ், பிராக் ஃபென்டன், ராபர்ட் பார்க்லே ஆகிய மூவரும் 1979-இல் வெளியிட்ட சிறு பழுப்பு வௌவால் ஆய்வில், இனச்சேர்க்கைக் காலத்தை இரண்டு கட்டங்களாகப் பிரித்தனர். முதற்கட்டத்தில் ஆணும் பெண்ணும் விழித்திருக்கின்றன. குகை வாயிலில் சுற்றிப் பறந்து, சுவரில் தங்கி, இணை சேர்கின்றன. இரண்டாம் கட்டத்தில் விழித்தெழும் ஓர் ஆண், ஆழ்ந்த மந்தநிலையில் தொங்கும் வௌவால்களிடையே நகர்ந்து, எதிர்ப்படும் உடலோடு இணைய முயல்கிறது. அந்த உடல் பெண்ணா ஆணா என்று அது பார்ப்பதில்லை.

இந்த விழிப்புகள் இலவசமானவை அல்ல. உறங்கும் சிறு பழுப்பு வௌவால் சில வாரங்களுக்கு ஒருமுறை உடலைச் சூடாக்கி எழும். குளிர்காலம் முழுவதும் எரியும் கொழுப்பில் பெரும்பங்கு, எண்ணிக்கையில் குறைந்த இந்தச் சில விழிப்புகளுக்கே போய்விடுகிறது. எழுந்த நேரத்தில் இணை சேரும் ஆண், தன் சேமிப்பிலிருந்து கூடுதலாக எடுத்துச் செலவிடுகிறது. ஆய்வாளர் ஒருவர் டார்ச் விளக்கோடு உறக்கக் குகைக்குள் நுழைந்தால், தேவையற்ற ஒரு விழிப்பை அத்தனை உயிர்களின் மீதும் சுமத்துகிறார். 2006 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் ஹோவ்ஸ் குகையில் முதன்முதலாகப் படமெடுக்கப்பட்ட வெண்மூக்கு நோய் பரவிய பிறகு, இந்த எச்சரிக்கை உயிர்ப்பிரச்சினையாகிவிட்டது. அந்நோயை உண்டாக்கும் பூஞ்சை, வௌவால்களை அடிக்கடி விழிக்கச் செய்து, கொழுப்பு தீர்ந்து சாகவைக்கிறது. மனிதரின் உடையிலும் கருவியிலும் ஒட்டி அது இடம்விட்டு இடம் செல்லும். ஆகவே நான்காம் பத்தியின் குளிர்கால வரிகளை வெளிவந்த ஆய்வுகளிலிருந்து நிரப்புங்கள். அதற்காகக் குகைக்குள் செல்லாதீர்கள்.

படி 7: பெண்ணின் பக்கத்தை ஒரு வரியாவது எழுதுங்கள்

ஆணின் கணக்கு பெண்ணின் கணக்கோடு சேர்ந்தால்தான் பொருள்படும். இலையுதிர் காலத்தில் பெற்ற விந்தணுக்களைப் பெண் தன் கருப்பையில் உயிரோடு வைத்திருந்து, வசந்தத்தில் விழித்தெழுந்ததும் அண்டத்தை விடுத்துக் கருவுறுகிறது. நாக்ட்யூல் என்ற ஐரோப்பிய வௌவாலின் பெண்களை ஆண்களிடமிருந்து பிரித்துவைத்துச் சோதித்த ரேசி, 198 நாட்கள் சேமிக்கப்பட்ட விந்தணுக்களும் கருவுறச் செய்யும் ஆற்றலோடு இருந்ததைக் கண்டறிந்தார். வசந்தத்தில் உடனே கருவுற்றால்தான் குட்டி கோடையின் தொடக்கத்தில் பிறந்து, அடுத்த குளிருக்குள் பறக்கவும் கொழுக்கவும் காலம் கிடைக்கும். ஆண் வசந்தத்தில் விழித்த பின்னரே விந்தணு உற்பத்தியைத் தொடங்குமானால், அது முடியும்போது கோடை கழிந்திருக்கும்.

படி 8: கையில் எடுத்த வௌவாலைப் படிக்கும் முறை

வௌவாலைப் பிடிப்பதற்கு அந்தந்த நாட்டுச் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும்; வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்; பயிற்சி பெற்றவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். இவை மூன்றும் இல்லாதவர் இந்தப் படியைப் படித்து அறிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

வௌவாலை மெல்லிய கையுறை அணிந்த இடக்கையில், வயிறு மேல்நோக்கி இருக்கும்படி, நெஞ்சை அழுத்தாமல் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் வயதைப் பாருங்கள். ஒரு சிறகை மெதுவாக விரித்து அதன் பின்னால் விளக்கைப் பிடித்தால், விரல் எலும்புகளின் மூட்டுகள் நிழலாகத் தெரியும். அவ்வாண்டுக் குட்டியில் மூட்டின் இருபுறமும் ஒளி ஊடுருவும் குருத்தெலும்புப் பட்டைகள் இருக்கும். முதிர்ந்ததில் அவை மறைந்து, மூட்டு உருண்டு திரண்டிருக்கும். இலையுதிர் காலம் முற்றும்போது குட்டிகளிலும் இந்தப் பட்டைகள் மூடிக்கொள்வதால், அதன்பின் இந்த அடையாளத்தை மட்டும் நம்ப முடியாது.

அடுத்து, அடிவயிற்று மயிரை வாயால் மெல்ல ஊதி விலக்குங்கள். கோடையில் விந்தகங்கள் தோலுக்கு அடியில் இரு மேடுகளாகத் தெரியும். வெர்னியர் காலிபரைத் தோலின் மேல் அழுத்தாமல் வைத்து நீளமும் அகலமும் எடுங்கள். பிறகு வால்சவ்வை ஒரு விரலால் தாங்கி, வாலின் அடிப்பகுதியை விளக்கொளியில் பாருங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு செயலை நினைவில் வைக்க வேண்டுமானால், அது இதுவாகவே இருக்கட்டும். எபிடிடைமிஸின் வால்பகுதியைப் போர்த்தியிருக்கும் உறை, இதுவரை விந்தணு சேமிக்காத இளம் ஆணில் கருநிறமாக இருக்கும். முதன்முறை விந்தணு நிறையும்போது உறை விரிந்து, கருநிறச் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, அதன் ஊடே வெண்மை தெரியும். நிறைந்த எபிடிடைமிஸ், வாலின் இருபுறமும் வெளிறிப் புடைத்த இரு பைகளாகக் காட்சி தரும். காலியான பின்னும் கருமை பழையபடி அடர்வதில்லை. சாம்பல் நிறமாக நின்றுவிடுகிறது. பிரிட்டனின் பிப்பிஸ்ட்ரெல் என்ற சிறு வௌவால்களிலும் பழுப்பு நெடுங்காது வௌவால்களிலும் ஆண் முதிர்ந்துவிட்டதா என்பதை இவ்வாறே முடிவு செய்கிறார்கள். சிறு பழுப்பு வௌவாலின் ஆண்கள் பெரும்பாலும் பிறந்த ஆண்டில் முதிர்வதில்லை. அடுத்த கோடையில்தான் அவற்றின் குதிர் முதன்முறையாக நிறைகிறது.

விந்தகத்துக்கு 0 முதல் 3 வரை ஒரு மதிப்பெண்ணும், எபிடிடைமிஸின் புடைப்புக்கு 0 முதல் 3 வரை மற்றொன்றும், அதன் நிறத்துக்குக் கருமை, சாம்பல், வெண்மை என்ற மூன்று சொற்களில் ஒன்றும் போதும். "விந்தகம் 0, எபிடிடைமிஸ் 3, வெண்மை" என்ற அக்டோபர் மாதக் குறிப்பு, இணை சேரும் ஆற்றலின் உச்சியில் உள்ள ஆணைக் குறிக்கிறது. "விந்தகம் 3, எபிடிடைமிஸ் 0, கருமை" என்ற ஜூலைக் குறிப்பு, வாழ்க்கையில் முதன்முறையாக இந்தச் சுழற்சிக்குள் நுழையும் ஆணைக் குறிக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் வௌவாலைக் கையில் வைத்திருக்காதீர்கள். அது குளிர்ந்து மந்தமாகிவிட்டால், துணிப்பையில் சூடேற்றிய பிறகே பறக்கவிட வேண்டும்.

படி 9: வேறோர் இனத்துக்கு நகரும்போது எவற்றைச் சரிபார்ப்பது

லாட வௌவால்களிலும் கோடை உற்பத்தி, குளிர்காலச் சேமிப்பு என்ற ஒழுங்கு உண்டு. ஆனால் இணை சேர்ந்தபின் ஆணின் சுரப்பு, பெண்ணின் பிறப்புறுப்பு வழியில் கெட்டியான அடைப்பாக உறைந்து வசந்தம் வரை நிற்கிறது. நாக்ட்யூல், பிப்பிஸ்ட்ரெல் இனங்களில் ஆண்கள் குகை வாயிலில் திரள்வதற்குப் பதிலாக, ஆகஸ்ட், செப்டம்பரில் மரப்பொந்துகளையோ கட்டடச் சந்துகளையோ தனக்கென்று பிடித்துக்கொண்டு ஒலியெழுப்பிப் பெண்களை அழைக்கின்றன. இவற்றில் நான்காம் பத்தியை மட்டும் மாற்றி எழுதினால் போதும்.

வளைசிறகு வௌவாலான மினியோப்டெரஸ் ஷ்ரைபெர்சியை இந்தத் தாளில் எழுதவே கூடாது. ஐரோப்பாவில் அது இலையுதிர் காலத்தில் இணை சேர்ந்து உடனேயே கருவுறுகிறது. குளிர்காலத்தில் காத்திருப்பது விந்தணு அன்று, கருப்பைச் சுவரில் பதியாமல் மிதக்கும் இளங்கரு. குளிரைக் கடக்க உடல் கண்டுபிடித்த வேறொரு வழி அது. அதற்குத் தனித் தாள் வேண்டும்.

தமிழ்நாட்டுச் சமவெளியின் வௌவால்கள் குளிர்கால உறக்கம் கொள்வதில்லை என்பதால், மேற்சொன்ன அட்டவணையை இங்குள்ள இனங்களுக்குப் பொருத்த முடியாது. வட இந்தியாவில், வாரணாசியில், பெரிய மஞ்சள் வௌவாலான ஸ்கோடோபிலஸ் ஹீத்தியை அமிதாப் கிருஷ்ணாவும் அவருடைய மாணவர்களும் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். அங்கே குளிர் கடுமையன்று. ஆயினும் பெண் ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை விந்தணுவைச் சேமித்து, அதன்பின் அண்டம் விடுக்கிறது. உறக்கம் ஆழமாக இல்லாத இடத்திலும் சேமிப்பு உண்டு என்பதை இது காட்டுவதால், தாளின் ஓரத்தில் இந்த இனத்தையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

படி 10: ஏப்ரல் வரியைக் கடைசியாக நிரப்புங்கள்

இலையுதிர் காலத்தில் வெண்மையாகப் புடைத்திருந்த எபிடிடைமிஸ், குகையை விட்டு வெளிவரும் ஆணில் எப்படி இருக்கிறது என்று ஏப்ரல், மே மாதங்களில் பாருங்கள். சிலவற்றில் இன்னும் புடைப்பு இருக்கும். சிலவற்றில் தளர்ந்து, உறை சுருங்கி, சாம்பல் நிறம் தெரியும். துணைச் சுரப்பிகள் இப்போதுதான் சிறுக்கின்றன. அதே நாட்களில் விந்தகத்தின் தாய்செல்கள் மீண்டும் பகுக்கத் தொடங்கியிருக்கும். பழைய விளைச்சலின் கடைசிப் பிடி குதிரில் இருக்கும்போதே வயலில் அடுத்த உழவு தொடங்கிவிடும் இந்த வாரங்களில், ஒரே ஆணின் இரு பத்திகளையும் இரண்டு வேறு மை நிறங்களில் எழுதுங்கள். சென்ற ஆண்டுக்கு ஒன்று, இந்த ஆண்டுக்கு ஒன்று.